சோனிக்ஸ் பாட்டில் கேட்கும் அந்த இரைச்சல் எங்கிருந்து வந்தது?

கேள்வி கேட்டவர் சுருக்கமாகவே கேட்டிருக்கிறார். அமெரிக்காவின் டக்கோமா நகரத்து ராக் இசைக்குழுவான 'த சோனிக்ஸ்' 1964இல் வெளியிட்ட 'த விட்ச்' பாட்டைக் கேட்டாராம். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று பயந்து வேறு கருவியில் போட்டாராம், அங்கும் அதே கரகரப்பு. சின்ன ரெக்கார்டு கம்பெனி, கையில் காசில்லை, அதனால்தான் இவ்வளவு மோசமாகப் பதிவானதா? அதனால்தான் இந்தக் குழு ஊர் எல்லையைத் தாண்டாமல் போனதா? இனி எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

இதில் இரண்டு சந்தேகங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அந்த ஒலி எப்படி வந்தது என்பது ஒன்று. அந்தக் குழு ஏன் பரவவில்லை என்பது மற்றொன்று. இரண்டுக்கும் 'சின்னக் கம்பெனி' என்ற ஒரே பதில் போதும் என்று கேள்வி கேட்டவர் நினைக்கிறார். முதல் சந்தேகத்துக்கு அந்தப் பதில் பொருந்தாது என்பது என் திடமான கருத்து. இரண்டாவதற்குப் பாதி பொருந்தும். நான் பழைய இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் சுத்தம் செய்து டிஜிட்டலுக்கு மாற்றும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருப்பவன். அந்த ஊரில் வாழ்ந்தவன் அல்ல, அந்தப் பதிவுக்கூடத்தில் நின்றவனும் அல்ல. தட்டும் காதும் சொல்வதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். மனிதர்கள் நினைவிலிருந்து சொன்னதை நினைவு என்றே குறிப்பிடுகிறேன்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. டக்கோமா வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்குத் தெற்கே உள்ள துறைமுக நகரம். பக்கத்திலேயே போயிங் விமானத் தொழிற்சாலைகள், விமானப்படைத் தளம். ஜெட் விமானங்கள் ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது எழும் வெடிச்சத்தம்தான் 'சோனிக்ஸ்' என்ற பெயருக்கு மூலம். சியாட்டிலின் கூடைப்பந்து அணியான சூப்பர்சோனிக்ஸ் 1967இல்தான் வந்தது. அதற்கும் போயிங்தான் காரணம் என்றாலும் பெயரை முதலில் எடுத்துக்கொண்டவர்கள் இந்த இளைஞர்களே. லாரி பாரிபா கிட்டார், அவருடைய சகோதரர் ஆண்டி பாரிபா பேஸ் கிட்டார், ராப் லிண்ட் சாக்ஸஃபோன், பாப் பென்னட் ட்ரம்ஸ், ஜெரி ராஸ்லி விசைப்பலகையும் குரலும். நாம் இன்று கொண்டாடும் பதிவுகள் இந்த ஐந்து பேருடையவை.

அவர்களை வெளியிட்ட எட்டிக்கெட் ரெக்கார்ட்ஸ் எப்படிப்பட்ட கம்பெனி என்பதில்தான் விடையின் பெரும்பகுதி இருக்கிறது. அதை 1961இல் தொடங்கியவர்கள் வியாபாரிகள் அல்லர். டக்கோமாவின் மூத்த குழுவான 'த வெய்லர்ஸ்' இசைக்கலைஞர்கள்: பக் ஆர்ம்ஸ்பி, கென்ட் மொரில், ராக்கின் ராபின் ராபர்ட்ஸ். (ஜமைக்காவின் பாப் மார்லி குழுவோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர்கள் அதற்கு முந்தியவர்கள்.) வெய்லர்ஸ் 1959இலேயே நியூயார்க் கம்பெனி ஒன்றின் வழியாக அமெரிக்கா முழுவதும் விற்ற ஒரு வாத்திய இசைத்தட்டைக் கண்டவர்கள். நாட்டின் மறு கோடியில் இருக்கும் ஒருவர் கையில் தங்கள் பாட்டை ஒப்படைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டு ஊர் திரும்பியவர்கள். அடுத்த தட்டைத் தாங்களே வெளியிடுவது என்று முடிவு செய்தார்கள். எட்டிக்கெட்டின் முதல் தட்டு ராபர்ட்ஸ் பாடிய 'லூயி லூயி'. ரிச்சர்ட் பெரி எழுதி, 1957இல் பாடி வெளியிட்ட அந்தப் பாட்டை அமெரிக்க வடமேற்குப் பகுதியின் ஊர்ப்பாட்டாகவே மாற்றியது இந்தத் தட்டுதான். பின்னால் உலகப் புகழ் பெற்ற கிங்ஸ்மென் குழுவின் 1963 பதிவு ராபர்ட்ஸின் அமைப்பைத்தான் பின்பற்றியது.

அங்கே அன்று இசை வாழ்ந்த இடம் நடனக் கூடங்கள். சியாட்டிலுக்கும் டக்கோமாவுக்கும் நடுவில் நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஸ்பானிஷ் காசில் அவற்றில் பேர்பெற்றது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தன் பாட்டு ஒன்றின் தலைப்பில் வைத்த அதே காசில்தான். 1968இல் இடித்துவிட்டார்கள். இப்படிப்பட்ட கூடங்களிலும், சக்கரச் சறுக்கு அரங்குகளிலும், ராணுவப் பயிற்சி மண்டபங்களிலும் பள்ளிப் பிள்ளைகள் வார இறுதியில் கூடி ஆடினார்கள். ஒலிபெருக்கி ஏற்பாடுகள் பலவீனமானவை. கூட்டத்தின் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்றால் ஆம்ப்ளிஃபயரைக் கடைசிவரை திருகியாக வேண்டும். அப்படித் திருகும்போது ஒலி உடைகிறது. அந்த உடைந்த ஒலிக்குத்தான் பிள்ளைகள் ஆடினார்கள். சோனிக்ஸ் இந்தத் தரையில் வளர்ந்த குழு. அவர்களைத் தேர்ந்தெடுத்த ஆர்ம்ஸ்பியும் இதே மேடைகளில் பேஸ் வாசித்தவர். பதிவுக்கூடத்தில் அவர் தேடியது நடனக் கூடத்தில் தன் காதால் கேட்ட சோனிக்ஸைத்தான்.

இப்போது அந்தக் கரகரப்புக்கு வருகிறேன். ஒலிச்சிதைவு என்பது ஒரே பொருள் அல்ல. அது எங்கே நுழைந்தது என்பதற்கு ஏற்ப அதன் குணம் மாறும். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்திருந்தால் ஒரு சுரம் அடங்கும் நேரத்தில் வண்டு முரல்வது போன்ற ஓசை ஒட்டிக்கொண்டு வரும். ஆம்ப்ளிஃபயரை அளவுக்கு மீறி ஓட்டினால் கிட்டார் ஒலி தடித்து, நீண்டு, சாக்ஸஃபோனைப் போலவே ஆகிவிடும். மைக்கிலிருந்து வரும் ஒலி முதல் கட்டப் பெருக்கியிலேயே மிஞ்சிவிட்டால் பாடகர் கத்தும் உச்சிகளில் மட்டும் ஒரு கடினமான முறிவு கேட்கும். ஒலிநாடா தாங்கும் அளவுக்கு மேல் போனால் உச்சிகள் மழுங்கும், ட்ரம்ஸ் அடி அகலமாகிக் கெட்டிப்படும், சத்தம் கூடுவது போல் தோன்றினாலும் உண்மையில் கூடாது. தேய்ந்த தட்டாக இருந்தால் 'ஸ', 'ச' போன்ற ஓசைகள் முதலில் பிய்யும், பாட்டு முடிவை நெருங்க நெருங்க நிலைமை மோசமாகும். காரணம் எளிது. நிமிடத்துக்கு 45 முறை சுழலும் ஏழு அங்குலத் தட்டின் வெளிவிளிம்பில் ஊசிக்கு அடியில் ஏறக்குறைய விநாடிக்கு 40 சென்டிமீட்டர் பள்ளக்கோடு ஓடுகிறது, உள்விளிம்பில் சுமார் 25தான். அதே ஒலியைக் குறைந்த நீளத்துக்குள் திணிக்க வேண்டியிருப்பதால் ஊசி தடுமாறுகிறது.

ஆகவே நான் எந்தப் பழைய தட்டை எடுத்தாலும் இரண்டு சோதனைகள் செய்வேன். பாட்டின் முதல் பத்து விநாடியையும் கடைசிப் பத்து விநாடியையும் அடுத்தடுத்துக் கேட்பேன். சிதைவு இரண்டிலும் ஒன்றாக இருந்தால் அது தட்டில் வந்ததல்ல, பதிவிலேயே இருந்தது. அடுத்து, அந்தக் காலத்து மோனோ தட்டில் இடம் வலம் இரண்டிலும் ஒரே இசைதான் இருக்கும். ஸ்டீரியோ ஊசியால் மாற்றி எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துவிட்டால் இசை மறைந்துவிட வேண்டும். மிச்சம் நிற்பது பெரும்பாலும் தூசி, கீறல், தேய்மானம். 'த விட்ச்' பாட்டை இந்த இரண்டு சோதனைக்கும் உட்படுத்தினால் முதல் ட்ரம்ஸ் அடியிலிருந்தே அந்த முரட்டுத்தனம் இருக்கிறது, கழித்தால் அதுவும் இசையோடு சேர்ந்து மறைகிறது. எனவே உங்கள் ஸ்பீக்கர் நலமாக இருக்கிறது. நீங்கள் கேட்டது 1964இல் நாடாவில் விழுந்த ஒலியையே.

திறமையற்ற ஆள் பதிவு செய்ததால் வந்த வினை என்று இதை எண்ண வேண்டாம். பதிவு செய்தவர் சியாட்டிலில் சொந்தக் கூடம் வைத்திருந்த கியர்னி பார்ட்டன். வடமேற்குக் குழுக்கள் பலவற்றைப் பதிவு செய்த, காது தெளிந்த பொறியாளர். சுத்தமான ஒலி வேண்டும் என்றால் எப்படிக் கொண்டுவருவது என்று நன்றாகத் தெரிந்தவர். மீட்டர் முள் சிவப்புக்குப் போகும்போது ஒலி அளவைக் குறைப்பது எந்தப் பொறியாளருக்கும் அனிச்சைச் செயல். அந்த அனிச்சையை யாரோ தடுத்திருக்கிறார்கள். இன்னும் சத்தமாக, இன்னும் முரட்டுத்தனமாக வேண்டும் என்று நச்சரித்தது தாங்கள்தான் என்று குழுவினர் பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பெரிய கம்பெனியில் அந்த இடத்தில் சம்பளத் தயாரிப்பாளர் ஒருவர் உட்கார்ந்திருப்பார், 'இதை வானொலியில் போடமாட்டார்கள், மறுபடி எடுங்கள்' என்று சொல்வது அவருடைய பொறுப்பு. எட்டிக்கெட்டில் அந்த நாற்காலியில் இருந்தவர் அதே மேடையில் வாசிக்கும் இன்னொரு இசைக்காரர். நிறுத்து என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அந்தக் கம்பெனி சோனிக்ஸுக்குக் கொடுத்த மிகப் பெரிய கொடை அதுதான் என்று நான் நம்புகிறேன்.

காசில்லாமைக்கு இதில் பங்கே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அது வேறு வகையில் வேலை செய்தது. இரண்டு தடம் (ஒலியைத் தனித்தனியாகப் பதியும் வரிசை) மட்டுமே கொண்ட நாடா இயந்திரத்தில் பதிந்ததாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அப்படியானால் ஐந்து பேரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசித்தாக வேண்டும். ஒருவர் ஒலி மற்றவர் மைக்கில் வழியும், பின்னால் எதையும் பிரித்துச் சரிசெய்ய முடியாது. மணிக்கணக்கில் வாடகை ஏறும் என்பதால் நாலைந்து முறைக்குள் பாட்டு முடிந்தாக வேண்டும். இந்த நெருக்கடி பாட்டுக்கு ஒரு வேகத்தைக் கொடுத்தது. இரைச்சலைக் கொடுத்தது நெருக்கடி அல்ல. அதே காலத்தில் அதே போன்ற இயந்திரத்தில் பதிந்த எத்தனையோ தட்டுகள் பன்னீர் தெளித்தது போல் சுத்தமாக இருக்கின்றன.

இனி, கொஞ்சம் தள்ளி நின்று கேட்க வேண்டிய கதைகள். ஐஸ் உடைக்கும் ஊசியால் ஸ்பீக்கரில் துளை போட்டார்கள் என்பது ஒன்று. இது லாரி பாரிபாவே தன் சகோதரரைப் பற்றிச் சொன்னது, ஆகவே அடியோடு தள்ள மாட்டேன். ஆனால் குறிப்பிட்ட எந்தப் பாட்டில் அந்த ஸ்பீக்கர் ஒலிக்கிறது என்று காதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ட்ரம்ஸ் முழுவதற்கும் ஒரே மைக் என்பது இன்னொன்று. நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் பேட்டி ஒன்றில் இதை வியந்து சொன்ன பிறகு இது வேதவாக்காகிவிட்டது. ட்ரம்ஸின் எல்லாப் பகுதிகளும் ஒரே தூரத்திலிருந்து வருவது போல் கேட்பதால் எனக்கும் இது நம்பத்தக்கதாகவே படுகிறது. இருந்தாலும் கோபேன் ரசிகராகப் பேசியவர், கூடத்தில் இருந்தவர் அல்ல. இரண்டாவது ஆல்பத்துக்காக டக்கோமாவில் வேறொரு கூடத்துக்குப் போனபோது சுவரில் ஒட்டியிருந்த முட்டை அட்டைகளைப் பிய்த்து எறிந்தார்கள் என்பது மூன்றாவது. இதற்கு ஒலி ஒத்துழைக்கிறது. 1966இல் வந்த அந்த ஆல்பத்தில் சுவரில் மோதித் திரும்பும் அதிர்வு முதல் ஆல்பத்தைவிடக் கூடுதலாகக் கேட்கிறது.

வேண்டுமென்றே செய்தது என்பதற்கு என்னிடம் உள்ள வலுவான சான்று எதிர்த்திசையிலிருந்து வருகிறது. எட்டிக்கெட்டை விட்டு விலகிய குழு, ஜெர்டன் என்ற சற்றுப் பெரிய வடமேற்குக் கம்பெனிக்காக ஹாலிவுட் போய்ப் பதிவு செய்தது. நல்ல கூடம், நல்ல கருவிகள், பேர்பெற்ற பொறியாளர். 1967இல் அந்த ஆல்பம் வந்தது. ஒலி சுத்தமாக இருக்கிறது, சோனிக்ஸ் அதில் இல்லை. பல் பிடுங்கிய பாம்பு போல இருக்கிறது. குழுவினரே பின்னாளில் அதைக் குப்பை என்றுதான் ஒதுக்கினார்கள். வசதி வந்ததும் ஒலி போனது என்றால், வசதியின்மையை மட்டும் காரணம் காட்ட முடியாது. உடன் இருந்த ஆட்கள் மாறியதுதான் மாற்றம்.

அப்படியானால் ஏன் பரவவில்லை? இங்கேதான் கம்பெனியின் அளவு குறுக்கே வருகிறது. அன்றைய அமெரிக்காவில் ஒரு சிறு கம்பெனி தட்டை ஆலையில் அச்சடித்து, ஒவ்வொரு பகுதியின் மொத்த விநியோகஸ்தருக்கும் அனுப்ப வேண்டும். அவர் கடைகளுக்கும், காசு போட்டால் பாட்டு ஒலிக்கும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளை நடத்துபவர்களுக்கும் கொடுப்பார். விற்காதது திரும்பி வரும், விற்றதற்கான பணம் மாதக்கணக்கில் வராது. ஆலையோ அறிமுகமில்லாத சின்ன ஆளிடம் முன்பணம் கேட்கும். ஒரு பாட்டு திடீரென்று புது ஊரில் ஓடத் தொடங்கினால், பழைய ஊரின் பணம் கைக்கு வருவதற்கு முன்பே ஆயிரக்கணக்கில் அச்சடித்து அனுப்பியாக வேண்டும். வெற்றிதான் சிறு கம்பெனியைக் கொல்லும். சிறு கம்பெனி முதலாளிகள் பலரும் இதைத் தூக்கம் கெட்டுக் கற்றுக்கொண்டவர்கள்.

தப்பிக்க ஒரு வழி இருந்தது: ஊரில் ஓடும் பாட்டைப் பெரிய கம்பெனிக்குக் கைமாற்றிவிடுவது. டக்கோமாவின் வெஞ்சர்ஸ் குழு 'வாக் டோன்ட் ரன்' பாட்டை முதலில் தங்கள் குடும்பக் கம்பெனியில்தான் வெளியிட்டது. டால்டன் அதை எடுத்துக்கொண்டதும் 1960இல் தேசியப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. கிங்ஸ்மென் குழுவின் 'லூயி லூயி' ஜெர்டனில் தூங்கிக் கிடந்து, நியூயார்க்கின் வாண்ட் கம்பெனிக்குப் போன பிறகு அதுவும் இரண்டாம் இடம் தொட்டது. மிச்சிகனில் 'பா கோ கோ' என்ற குட்டிக் கம்பெனி வெளியிட்ட '96 டியர்ஸ்', கேமியோ வாங்கிய பின் 1966 அக்டோபரில் முதலிடமே பிடித்தது. 'த விட்ச்' வடமேற்கில் கொடிகட்டிப் பறந்தது. தேசிய ஹாட் 100 பட்டியலில் அது நுழையவே இல்லை. அந்தப் பட்டியல் ஒரே வாரத்தின் கணக்கு. ஒரு ஊரில் டிசம்பரிலும் இன்னொரு ஊரில் மே மாதத்திலும் ஓடும் பாட்டு, மொத்தத்தில் எவ்வளவு விற்றாலும் அதில் தலைகாட்டாது. போதாக்குறைக்குப் பாட்டின் முரட்டுத்தனமே தடையானது. சியாட்டிலின் கே.ஜே.ஆர். வானொலி, பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்துக்கு முன் அதைப் போடவில்லை என்று குழுவினர் சொல்வார்கள். இதுவும் நினைவில் வாழும் செய்திதான், ஆனாலும் அந்தக் கால வானொலியின் நடைமுறையோடு ஒத்துப்போகிறது.

சில்லறைக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று தட்டிலேயே இருக்கிறது. 'த விட்ச்' முதலில் வந்தபோது அதன் மறுபக்கத்தில் லிட்டில் ரிச்சர்டின் பாட்டு ஒன்று இருந்தது. சில காலத்தில் அதை எடுத்துவிட்டு ராஸ்லி எழுதிய 'சைக்கோ' பாட்டைப் போட்டார்கள். அமெரிக்கச் சட்டப்படி அன்று விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பாட்டுக்கு 2 சென்ட் அதன் உரிமையாளருக்குப் போக வேண்டும். எந்தப் பக்கத்தைக் கேட்க வாங்கினாலும் இரண்டு பக்கத்துக்கும் அதே 2 சென்ட். முன்பக்கம் நன்றாக விற்கும்போது பின்பக்கத்துக் காசு ஏன் வெளியாருக்குப் போக வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள். அந்தச் சிறு கணக்கால்தான் 'சைக்கோ' நமக்குக் கிடைத்தது.

எல்லாப் பழியையும் விநியோகத்தின் மேல் போடுவதும் நியாயமில்லை. இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். வியட்நாம் போர் மூண்டிருந்த காலம், கட்டாய ராணுவ அழைப்பு, கல்லூரி, திருமணம். ராப் லிண்ட் கடற்படை விமானியாகப் போனார், பிறகு பயணிகள் விமானமும் ஓட்டினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பிரிந்து வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். 1960களின் இறுதிக்குள் அந்த ஐவர் குழு இல்லை. கராஜ் குழுக்களை, அதாவது சோனிக்ஸ் போன்ற முரட்டு ஒலி கொண்ட 1960களின் இளைஞர் ராக் குழுக்களை, மீட்டெடுத்த 1972ஆம் ஆண்டின் புகழ்பெற்ற இரட்டைத் தட்டுத் தொகுப்பில்கூடச் சோனிக்ஸுக்கு இடமில்லை.

ஆனால் கம்பெனி சின்னதாக இருந்ததற்கு இன்னொரு பக்கமும் உண்டு, வேலை அனுபவத்தில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான். பெரிய கம்பெனிகளின் கிடங்குகளில் உரிமை யாருக்கு என்றே தெரியாமல் நாடாக்கள் மக்கிப்போவதைப் பார்க்கிறோம். எட்டிக்கெட்டை ஆர்ம்ஸ்பி கைவிடவில்லை. 1980களில் அதே பெயரிலேயே சோனிக்ஸ் பதிவுகளை மறுபடி வெளியிட்டார், பின்னர் நியூயார்க்கின் நார்ட்டன் ரெக்கார்ட்ஸ் அவற்றை நல்ல முறையில் கொண்டுவந்தது. கேட்க வேண்டியவர்கள் கேட்டார்கள். த கிராம்ப்ஸ் குழு 1980லேயே இவர்களுடைய 'ஸ்ட்ரிக்னின்' பாட்டைப் பாடியது. 2007இல் நியூயார்க்கின் புருக்ளினில் ராஸ்லியும் லாரி பாரிபாவும் லிண்டும் மறுபடி சோனிக்ஸாக மேடை ஏறினார்கள். 2015இல் புதிய ஆல்பமும் வந்தது, மோனோவில் பதிந்து.

கடைசிக் கேள்விக்கு என் பதில்: 1965இன் முதல் ஆல்பமான 'ஹியர் ஆர் த சோனிக்ஸ்' தட்டிலிருந்து தொடங்குங்கள், மோனோ பதிப்பில். செயற்கையாக இடம் வலம் பிரித்த பதிப்பு கிடைத்தால் வாங்க வேண்டாம், அதில் ட்ரம்ஸ் தன் எடையை இழந்துவிடும். ஹெட்ஃபோனை விட ஒரே ஒரு ஸ்பீக்கர் இதற்குப் பொருத்தம். 'த விட்ச்' ஓடும்போது பாடகரை விட்டுவிட்டு, கிட்டாரும் பேஸும் சாக்ஸஃபோனும் ஒரே வரியைச் சேர்ந்து வாசிக்கும் இடத்தைக் கவனியுங்கள். எது எந்த வாத்தியம் என்று பிரித்தறிய முடியாத ஒரு புள்ளி வரும். அடுத்து பாப் பென்னட்டின் அடியை மட்டும் பிடித்துக்கொண்டு முழுப் பாட்டையும் மறுபடி ஒருமுறை கேளுங்கள்.